கிரேவிங்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தமிழ்ச் சொல் வேண்டும்

வேலூர், செவிலியர் ஆசிரியை (திங்கள் இரவு)

அனைவருக்கும் வணக்கம். குடியை நிறுத்த வந்தவர்களின் வீட்டாருக்காக எட்டுப் பக்கத்தில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஏழு பக்கம் முடிந்துவிட்டது. எட்டாவது பக்கம் ஒரே ஒரு சொல்லுக்காக நிற்கிறது: கிரேவிங் (craving), குடிக்க வேண்டும் என்று அடக்க முடியாமல் எழும் உந்துதல்.

முதலில் ஆசை என்று எழுதினேன். "ஆசைன்னா அவரே விட்டுடலாமே மேடம், மருந்து எதுக்கு?" என்று ஒரு மாணவி கேட்டாள். வீட்டாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அடித்துவிட்டேன். ஏக்கம் என்று போட்டால் மனச்சோர்வோடு கலந்துவிடுகிறது. எங்களிடம் வருகிறவர்களில் பலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. எது எப்போது வருகிறது என்று வீட்டார் தனித்தனியாகக் குறித்து வைக்க வேண்டும், அதற்காகத்தான் அந்தப் பக்கமே. 2013இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேட்டு ஐந்தாம் பதிப்பு, கிரேவிங்கைக் குடிநோயின் தனி அறிகுறியாகவே சேர்த்துவிட்டது. அதனால் சுற்றி வளைத்து எழுதித் தப்பவும் முடியாது.

நோயாளிகள் சொல்வது, "உடம்பு கேக்குதும்மா". இதிலிருந்து ஏதாவது சொல் பிறக்குமா?

ஆற்காடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் (செவ்வாய் காலை)

அம்மா, சொல் வாசலிலேயே நிற்கிறது. வேட்கை. வேள் என்றால் விரும்பு. வேள் + கை, வேட்கை. கேள் என்பது கேட்கை ஆவது போல. நீர்வேட்கை என்று தாகத்தைச் சொல்கிறோம். அதில் விருப்பமும் உண்டு, உடம்பின் தேவையும் உண்டு. உங்களுக்கு வேண்டியதும் அதுதானே?

இந்த வேர்ச்சொல்லைக் கள்ளோடு சேர்த்தவர் வள்ளுவரே. "களித்தொறும் கள்ளுண்டல் வேட்டற்றால்" (1145). களிக்கக் களிக்க மேலும் கள்ளுண்ண வேட்பது போல என்று உவமை சொல்கிறார். சொல்ல வந்தது காதலை, எடுத்துக்கொண்டது குடியை. குடிக்கும் ஒவ்வொரு முறையும் அடுத்த குடிக்கான வேட்பு கூடுகிறது என்பதை அவர் பார்த்திருக்கிறார்.

தொல்காப்பியக் களவியலையும் பாருங்கள். வேட்கை, ஒருதலை உள்ளுதல், மெலிதல், ஆக்கஞ்செப்பல், நாணுவரை இறத்தல், நோக்குவ எல்லாம் அவையே போறல், மறத்தல், மயக்கம், சாக்காடு. ஒன்பது நிலை. காதலுக்குச் சொன்னதுதான், மறுக்கவில்லை. ஆனால் குடிக்கு அடிமையான ஒருவரை மனத்தில் வைத்து வரிசையாகப் படித்துப் பாருங்கள். அதையே நினைப்பது, உடல் மெலிவது, வெட்கத்தின் எல்லையைக் கடப்பது, கடைசியில் சாக்காடு. நாணுவரை இறத்தல் பற்றி மட்டும் தனி மடல் எழுத வேண்டும். "இற" என்பதற்கு இங்கே கடத்தல் என்று பொருள், சாதல் என்று மயங்கக் கூடாது.

தஞ்சாவூர், சொல்லாய்வில் ஈடுபாடுடையவர் (செவ்வாய் மதியம்)

ஐயாவின் மேல் மதிப்பு உண்டு. ஆனால் வேட்கை தேய்ந்த சொல். விடுதலை வேட்கை, அறிவு வேட்கை என்று மேடையில் முழங்கி முழங்கி அது உயர்ந்த சொல்லாகிவிட்டது. நோய்க்குப் பெயர் வைக்கும்போது நோயின் சாயல் வேண்டாமா?

என் முன்வைப்பு: நச்சல். நச்சுதல் என்றால் விரும்புதல். "நச்சப் படாதவன் செல்வம் நடுவூருள் நச்சு மரம்பழுத் தற்று" (1008). ஒரே குறளில் நச்சு விருப்பமாகவும் வருகிறது, நஞ்சாகவும் வருகிறது. நஞ்சின் மேல் வரும் விருப்பத்துக்கு இதைவிடப் பொருந்தும் சொல் எந்த மொழியில் உண்டு?

ஆற்காடு (செவ்வாய் மாலை)

தம்பி, அழகான குறள். ஆனால் இரண்டு நச்சும் ஒன்றல்ல. ஒன்று விருப்பம் என்று பொருள்படும் நசையிலிருந்து வந்த வினை. மற்றது நஞ்சு என்ற பெயர் வேறொரு சொல்லோடு சேரும்போது வன்மை பெற்று நிற்பது, மருந்து மருத்துவம் ஆவது போல. வள்ளுவர் அவற்றை ஓரிடத்தில் நிறுத்தி நயம் காட்டினார். அந்த நயத்தைக் கலைச்சொல்லில் ஏற்றினால், படிக்கிறவர் காதில் விழுவது நஞ்சு மட்டும்தான். அடுத்தாற்போல் நச்சரிப்பு நினைவுக்கு வரும்.

காட்பாடி, நரம்பியல் ஆய்வு மாணவர் (செவ்வாய் நள்ளிரவு)

வணக்கம். சொல்லாய்வு எனக்குத் தெரியாது. அந்தச் சொல் எதைச் சுமக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

விரும்புவதும் இன்புறுவதும் மூளையில் ஒன்றல்ல. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் பெரிட்ஜ் எலிகளின் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளை ஏறக்குறைய முழுக்க அழித்துப் பார்த்தார். நாக்கில் சர்க்கரைநீர் விட்டால் அந்த எலிகள் முன்போலவே சுவைத்து உதட்டை நக்கின. ஆனால் பக்கத்தில் இருந்த உணவைத் தேடிப் போகவில்லை. சுவை இருந்தது, நாட்டம் போய்விட்டது. போதைப் பழக்கத்தில் நடப்பது இதன் மறுபக்கம் என்று 1993இல் அவரும் ராபின்சனும் எழுதினார்கள். இன்பம் குறைந்துகொண்டே போகும், நாட்டம் மட்டும் கூடிக்கொண்டே போகும்.

குரங்குகளின் டோபமின் நரம்பணுக்களைக் கவனித்தவர் சுல்ட்ஸ் என்ற இன்னொரு ஆய்வாளர். தொடக்கத்தில் பழச்சாறு கிடைக்கும்போது அவை துடித்தன. பழகிய பிறகு, சாறு வரப்போவதைக் காட்டும் விளக்கு எரிந்ததுமே துடித்தன. சாறு வந்தபோது அமைதியாக இருந்தன. நம் ஊரில் அந்த விளக்கு டாஸ்மாக் பலகையாக இருக்கலாம், சம்பள நாளாக இருக்கலாம், கூடக் குடித்தவரின் குரலாகவும் இருக்கலாம். ஐயா சொன்ன ஒன்பதில் மற்றவற்றை நான் இழுத்துப் பொருத்த மாட்டேன். ஆறாவது, "நோக்குவ எல்லாம் அவையே போறல்", பார்ப்பதெல்லாம் அதுவாகவே தெரிவது, அது என்னைத் தூங்கவிடவில்லை.

"உடம்பு கேக்குது" என்பதையும் தள்ளிவிட வேண்டாம். மூளையில் இன்சுலா என்று ஒரு மடிப்பு. உடம்பின் உள்நிலைகளை உணர்வதில் அதற்குப் பங்கு உண்டு. அது பழுதுபட்ட புகைபிடிப்பவர்கள் சிலர் எளிதாகப் புகையை விட்டார்கள் என்று 2007இல் ஒரு ஆய்வு வந்தது. அவர்களில் ஒருவர், புகைக்கும் உந்துதலையே தன் உடம்பு மறந்துவிட்டது என்றாராம். நம் வார்டில் சொல்வதும் உடம்பைத்தான்.

யாழ்ப்பாணம், மருத்துவ மொழிபெயர்ப்பாளர் (புதன் காலை)

எங்கட பக்கம் விடாய் என்டால் தாகம். குடிவிடாய் என்று வைத்தால் என்ன? 19ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மிசன் மருத்துவர் கிறீன் மானிப்பாயில் தமிழில் மருத்துவம் படிப்பித்து, நூல்களும் பெயர்த்தவர். புழக்கத்தில் உள்ள சொல்லை எடுக்க நாங்கள் கூச்சப்படத் தேவையில்லை.

வேலூர் (புதன் காலை)

ஐயா, நல்ல சொல். ஆனால் இங்கே விடாய் என்றதும் மாதவிடாய்தான் நினைவுக்கு வரும். ஐம்பது வயதுக்காரரிடம் "உங்களுக்கு விடாய் வருகிறதா" என்று கேட்க என் மாணவிகளுக்கு வாய் வராது. மன்னிக்க வேண்டும்.

குடியாத்தம், குடியை விட்டவர் (புதன் இரவு)

நான் படித்தவன் இல்லை. கைலித் தறியில் இருந்தவன். குடியை விட்டுப் பதினோரு வருடம் ஆகிறது. இந்தக் குழுவில் எல்லாவற்றையும் படிப்பேன், எழுதியதில்லை. இது என் விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

உடம்பு கேட்டது முதல் பத்து நாள். கை நடுங்கியது, வியர்த்தது, தூக்கம் இல்லை. அது போய்விட்டது. நான்காம் வருடம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் பம்பைச் சத்தம் கேட்டேன். உடம்பு நன்றாக இருந்தது, வயிறு நிறைந்திருந்தது, மகன் தோளில் இருந்தான். ஆனாலும் தொண்டை காய்ந்தது, கால் தானாகச் சந்துப் பக்கம் திரும்பியது. அதை உடம்பு கேட்டது என்று என்னால் சொல்ல முடியாது.

காட்பாடித் தம்பி சொன்ன எலியின் மறுபக்கம் உண்மை. கடைசி இரண்டு வருடம் எனக்குக் குடி இனிக்கவே இல்லை. குமட்டிக்கொண்டே குடித்தேன். என் மனைவி, "பிடிக்கலன்னா ஏன் குடிக்கிற?" என்று கேட்டு அழுவாள். பதில் சொல்ல ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கு ஒரு வார்த்தை இருந்திருந்தால் அவளுக்காவது கொடுத்திருப்பேன்.

வேட்கை எனக்கு ஒட்டவில்லை. என் மகன் சுதந்திர தினத்துக்கு விடுதலை வேட்கை என்று பேசினான். அதே பேர் இதற்கும் வேண்டாம். நாங்கள் சொல்வது "இழுக்குது". இழுப்பு என்று வைத்துவிடலாமே.

வேலூர் (வியாழன் விடியற்காலை)

அண்ணா, உங்கள் மடலை மூன்று முறை படித்தேன். கையேட்டின் முதல் பக்கத்தைத் திருத்தி எழுதப்போகிறேன்.

இழுப்பு மட்டும் கூடாது, பயமாக இருக்கிறது. குடியைத் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். அதையும் வீட்டார் இழுப்பு என்றுதான் சொல்கிறார்கள். மூச்சிரைப்புக்கும் அதே பெயர். "இழுப்பு வந்தால் பேச்சுக் கொடுங்கள், மனத்தைத் திருப்புங்கள்" என்று நான் அச்சடித்து, ஒரு வீட்டில் வலிப்பு வந்தவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால்? உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவர வேண்டிய நேரம் அது.

ஆற்காடு (வியாழன் காலை)

குடியாத்தம் தம்பிக்கு வணக்கம். வகுப்பில் முப்பது வருடம் ஒரு குறளைத் தவறாக நடத்தியிருக்கிறேன் என்று உங்கள் மடலைப் படித்தபின் தோன்றுகிறது. "உண்டார்கண் அல்லது அடுநறாக் காமம்போல் கண்டார் மகிழ்செய்தல் இன்று" (1090). கள் உண்டவருக்குத்தான் மகிழ்ச்சி, கண்டவருக்கு இல்லை. கள்ளைக் கண்டாலே குடிகாரனுக்கு ஆட்டம் வருமே, வள்ளுவர் இதைக் கவனிக்கவில்லை போலும் என்று மாணவர்களிடம் சொல்லி வந்தேன். இப்போது புரிகிறது. கண்டால் வருவது மகிழ்வு இல்லை, வேட்கை. வள்ளுவர் மகிழ்வைத்தான் இல்லை என்றார். என் பிழையைத் திருத்தியது ஒரு தறிக்காரரின் சொல்.

மேடையில் வேட்கை உயர்ந்துவிட்டது என்பதை ஏற்கிறேன். ஆனால் குடிநோய் என்ற சொல் வந்தபோதும் நோய் என்று சொல்லலாமா என்று எதிர்ப்பு இருந்தது. சொல்லச் சொல்ல அது நிலைத்தது.

வேலூர் (வியாழன் இரவு)

இன்று இரண்டு பக்கத்தையும் வார்டுக்கு எடுத்துப் போனேன். ஒன்றில் வேட்கை, மற்றதில் நச்சல். நச்சலை யாருக்கும் புரியவில்லை. இருவர் விஷமா என்று கேட்டார்கள். வேட்கையை ஓர் அம்மா வேட்டை என்று படித்தார். திருத்தப் போனேன். அதற்குள் அவரே, "ஆமாம்மா, வேட்டதான் ஆடுது அவர" என்றார்.

எழுதியவர்கள் ஒரு முடிவுக்கு வரவில்லை. நேரமும் இல்லை. தலைப்பில் வேட்கை என்று வைத்து, கீழே ஒரு வரி சேர்த்துவிட்டேன்: "குடி இழுக்குது, உடம்பு கேக்குது என்று அவர் சொல்வது இதைத்தான். அப்போது அவருக்குக் குடி பிடித்திருக்க வேண்டும் என்பதில்லை." கோப்பை அனுப்பிவிட்டேன்.

தஞ்சாவூர் (வியாழன் இரவு)

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒரு வார்டில் புரியவில்லை என்பதற்காக ஒரு நல்ல சொல்லைக் கைவிட்டால் எந்தப் புதுச்சொல்லும் பிழைக்காது.

ஆற்காடு (வெள்ளி காலை)

வேட்டம் என்ற சொல்லுக்கு வேட்டை, விருப்பம் என்ற இரு பொருளும் உண்டு. அந்த அம்மா பிழையாகப் படிக்கவில்லை என்று நிறுவ முடியும். மாலையில் விரிவாக எழுதுகிறேன்.

குடியாத்தம் (வெள்ளி மதியம்)

கையேடு வந்ததும் ஐம்பது படி அனுப்புங்கள் அம்மா, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கொடுக்கிறேன். வேட்கை என்று அச்சில் இருக்கட்டும். நான் வாசித்துக் காட்டும்போது இழுக்குது என்றுதான் வாசிப்பேன்.