ட்ரௌட் குளம்: ஓடையை மறிக்கலாமா?

கேள்வி: நீலகிரியில் எமரால்டு பக்கம் அரை ஏக்கர் சரிவு நிலம், ஓரத்தில் வற்றாத ஓடை. வானவில் ட்ரௌட் (குளிர்ந்த தண்ணீரில் வாழும் மீன்) விட்டுத் தூண்டில் போட ஒரு குளம் வேண்டும். ஓடையையே மறித்துக் கட்டலாமா? ஆழம் எவ்வளவு?

பதில் 1: மறிக்காதீங்க. மழைக்காலத்தில் வண்டல் சேரும், வெள்ளம் கரையை உடைக்கும். பக்கத்தில் வெட்டி, வண்டல் தொட்டி (சேறு அடியில் தங்கும் தொட்டி) வழியே குழாயில் தண்ணீர் எடுங்க. நடு ஆழம் 3 மீட்டர். அதற்கும் முன்னால் ஏப்ரல், மே மதியத்தில் ஓடையின் வெப்பத்தை அளங்க. 20 டிகிரியைத் தாண்டினால் ட்ரௌட் சரியாகத் தீனி எடுக்காது, மற்ற செலவெல்லாம் வீண்.

பதில் 2: கரையில்தான் பலர் சொதப்புகிறார்கள். மேல்மண், புல்வேர் முழுக்க வழித்தெடுத்து, கரையின் நடுவில் வரும் களிமண் சுவருக்குக் கெட்டித் தரைவரை பள்ளம் தோண்டணும். 15 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு ரோலர் ஓட்டணும். ஈரம் சரியா என்று பார்க்க, மண்ணை உள்ளங்கையில் உருட்டுங்க. பென்சில் கனத்துக்கு உடையாமல் திரி வரணும். உட்சரிவு 3:1 (ஒரு மீட்டர் உயரத்துக்கு 3 மீட்டர் அகலம்). வடிகுழாயைச் சுற்றி கான்கிரீட் தடுப்பு வளையம் இல்லையென்றால், குழாயை ஒட்டியே தண்ணீர் அரித்துக் கரை போய்விடும். கரைமேல் மரம் வேண்டவே வேண்டாம்.

பதில் 3: தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை விடியற்காலையில் அளங்க, அப்போதுதான் மிகக் குறைவாக இருக்கும். லிட்டருக்கு 6 மி.கி.க்குக் கீழே விடாதீங்க. வெளியேறும் வாயில் அடித்தண்ணீரை இழுக்கிற மாதிரி இருக்கட்டும், கம்பிவலை கட்டாயம். ஓடைக்குள் மீன் தப்பினால் அங்குள்ள சிறு மீன்களைத் தின்றுவிடும்.