‘புரியலக்கா’ என்று கேட்கும் தைரியம்

நான் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராக இருந்தவள். கொரோனாவில் பள்ளி மூடியதால் பாடம் விட்டுப்போன பிள்ளைகளுக்கு, அவர்கள் வீட்டுப் பக்கத்திலேயே சாயங்காலம் சொல்லிக்கொடுக்கும் அரசுத் திட்டம் அது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமம். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடம் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தது. இரண்டாம் வகுப்போடு வீட்டுக்குப் போன பிள்ளைகள் நேரே நாலாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள்.

அப்படி ஒரு பையன் சாயங்காலம் எங்கள் திண்ணைக்கு வருவான். ‘கொக்கு’ என்பதை ‘கெக்கு’ என்று வாசிப்பான். கொம்பைப் பார்ப்பான், துணைக்காலை விட்டுவிடுவான். மற்றவர்கள் சிரித்ததும் வாசிப்பதையே நிறுத்திவிட்டான். எழுதும்போதுகூட நோட்டை இடது கையால் மறைத்துக்கொள்வான்.

தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தால் இன்னும் கூசிப்போவான் என்று தோன்றியது. அதனால் இரண்டாம் வகுப்புப் பாப்பா ஒருத்திக்கு எழுத்து சொல்லித்தரும் வேலையை அவனிடம் கொடுத்தேன். வாசல் மணலில் ‘கெ’ எழுதி, பக்கத்தில் கால் போட்டு, “இதை விட்டா வேற எழுத்தாயிடும், பாத்துக்க” என்று அவனே அவளுக்குச் சொன்னான். பொங்கல் கழிந்து ஒரு நாள், கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். எல்லார் முன்னாலும், “புரியலக்கா, மறுபடி சொல்லுங்க” என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளும் “எனக்குந்தான்க்கா” என்று ஆரம்பித்தார்கள்.

நானும் டிகிரி முடித்துக் கல்யாணமாகி வீட்டோடு இருந்தவள்தான். நாலு பேர் கூடிய இடத்தில் பேச்சே வராது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை என் கணக்கில் விழுந்ததும் வீட்டில் என் பேச்சுக்கு ஒரு மதிப்பு வந்தது. இதையும் சொல்லத்தான் வேண்டும். 2022-இல், பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து பள்ளியைக் கவனிக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவைப் புதிதாக அமைத்த கூட்டத்தில், பெண் பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும் என்று எழுந்து நின்று பேசினேன். தாழ்ப்பாள் போட்டார்கள்.

*

மேலே அந்தத் தன்னார்வலத் தங்கை எழுதியதைப் படித்ததும் நானும் எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. 2022 ஜூனில், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தையும் கணக்கையும் ஆடிப்பாடிச் சொல்லித்தரும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது பயம் எங்களுக்குத்தான். ஆடணும், பாடணும், பொம்மை வைத்துக் கதை சொல்லணும். ஓய்வுபெறும் வயதை நெருங்கிய சக ஆசிரியை ஒருவர், “இந்த வயசுல இதெல்லாம் எனக்கு வருமா?” என்று கலங்கினார். ஆனாலும் கையில் பொம்மையை மாட்டிக்கொண்டு, குரல் நடுங்க நடுங்கத் தொடங்கினார். ஒன்றாம் வகுப்பில் யாரிடமும் வாய் திறக்காத ஒரு குழந்தை, அந்தப் பொம்மையிடம் தன் வீட்டு ஆட்டுக்குட்டியைப் பற்றி மளமளவென்று பேசியது!

இந்தத் திட்டத்தில் பிள்ளைகளை, எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று பார்த்து, அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் சொல்லிக்கொடுப்போம். யார் எந்த நிலை என்பதை வகுப்பில் உரக்கச் சொல்லாதீர்கள். கூச்சம் அங்கேதான் முளைக்கிறது.

அப்புறம், பொம்மையைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. பழைய சாக்ஸில் இரண்டு பட்டன் தைத்தால் போதும்.