கார்டு மோசடியில் பணம் யார் தலையில் விழும்? கொடைக்கானல், ஊட்டி விடுதிக்காரர்கள் அனுபவப் பகிர்வு

விடுதிக் கணக்கர், கொடைக்கானல்

மே சீசனில் தங்கியவர்களின் சார்ஜ்பேக் (கார்டுக்காரர் தன் வங்கியில் புகார் செய்து, கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்பது) ஜூலை, ஆகஸ்டில்கூட வரும். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பெரும்பாலான தகராறுகளுக்கு 120 நாள் வரை அவகாசம் உண்டு. வந்ததும் ஸ்வைப் மெஷின் கொடுத்த வங்கி நம் கணக்கில் தொகையைப் பிடித்துக்கொண்டு ஆதாரம் கேட்கும்.

"இந்தப் பணத்தை நான் கட்டவே இல்லை" என்பது புகார் என்றால், பணம் எப்படி வாங்கினோம் என்பதுதான் முதல் கேள்வி. சிப்பைச் செருகி பின் நம்பர் போட்டிருந்தாலோ, வெப்சைட்டில் ஓடிபி சரிபார்ப்பு முடிந்திருந்தாலோ, பொதுவாக நஷ்டம் கார்டு கொடுத்த வங்கிக்கு. போனில் நம்பரைக் கேட்டு மெஷினில் தட்டியிருந்தால் நமக்கு. வங்கி 'அப்ரூவ்டு' என்று காட்டியதே என்று வாதாடிப் பயனில்லை. கார்டில் பணம் இருக்கிறது என்பதற்குத்தான் அந்த அனுமதி. கார்டு அவருடையதுதான் என்பதற்கு அல்ல. இந்த விதி சரியானது என்பதே என் கருத்து. சரிபார்க்கும் வழி இருந்தும் விட்டவர்தான் சுமக்க வேண்டும்.

காட்டேஜ் நிர்வாகி, ஊட்டி

கணக்கர் சார் சொன்னது மோசடிப் புகாருக்கு. "ரூம் தரவில்லை", "கேன்சல் பண்ணியும் பணம் வரவில்லை" என்று வந்தால் பின் நம்பர் போட்ட ஸ்லிப் காப்பாற்றாது. கையெழுத்திட்ட வருகைப் பதிவேடு, அடையாள அட்டை நகல், ஜிஎஸ்டி பில், வண்டி நம்பரோடு இருக்கும் இ-பாஸ் நகல் வேண்டும். 2024 மே 7 முதல் ஊட்டி, கொடைக்கானலுக்கு வண்டியில் வர இ-பாஸ் கட்டாயமானதால் இது நல்ல சான்று. வெளிநாட்டவர் என்றால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் பதிந்த, அவர் தங்கிய விவரப் படிவமும் (முன்பு சி படிவம்) சேரும். கேன்சல் விதியை ரிசப்ஷன் சுவரில் ஒட்டினால் போதாது. பணம் கட்டும் பக்கத்திலேயே அவர் டிக் செய்திருக்க வேண்டும்.

இன்னொன்று. ஈமெயிலில் பெரிய குரூப் புக்கிங் வரும், வெளிநாட்டு கார்டு நம்பர் தருவார்கள், பில்லைவிடக் கூடுதலாக எடுத்துக்கொண்டு மிச்சத்தை 'வேன்காரர்' கணக்குக்கு அனுப்பச் சொல்வார்கள். கார்டு திருட்டு கார்டு. சார்ஜ்பேக் வரும்போது அறை வாடகையும் போகும், வேன்காரருக்கு அனுப்பியதும் போகும். பணம் எந்தக் கார்டிலிருந்து வந்ததோ அதற்கே திருப்புங்கள், வேறெங்கும் அனுப்பாதீர்கள்.

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், குன்னூர்

கார்டு வைத்திருப்பவர் பக்கத்தையும் சொல்கிறேன். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, வங்கியின் தவறு என்றால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. வங்கியும் நீங்களும் காரணமில்லாத மூன்றாம் தரப்புக் கசிவு என்றால், பணம் போன தகவல் வங்கியிலிருந்து வந்து 3 வேலை நாளுக்குள் புகார் செய்தால் நஷ்டம் பூஜ்யம். 4 முதல் 7 வேலை நாள் ஆனால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு உச்சம் ரூ.10,000. அதற்கும் மேல் வங்கியின் கொள்கைப்படி. புகார் தந்த 10 வேலை நாளில் தற்காலிக வரவு வைக்க வேண்டும், 90 நாளில் முடிக்க வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் சுமை வங்கிக்கு. கவுன்டரில் இதைச் சொல்லாமல் "போலீசுக்குப் போங்க" என்று அனுப்புவது அநியாயம்.

ஓடிபியைப் பகிர்ந்திருந்தால், புகார் செய்யும் நிமிடம் வரை போனது உங்கள் நஷ்டம். அதற்குப் பின் போவது வங்கியுடையது. அதனால் முதலில் கார்டை பிளாக் செய்து புகார் எண் வாங்குங்கள், அடுத்து சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்லுங்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம்.

போலி காட்டேஜ் தளத்துக்கு நீங்களே யுபிஐயில் அனுப்பியது இந்தப் பாதுகாப்பில் வராது. கார்டில் கட்டியிருந்தால் 'சேவை கிடைக்கவில்லை' என்று சார்ஜ்பேக் கேட்கவாவது இடமுண்டு.

ஹோம்ஸ்டே நடத்துபவர், மன்னவனூர் (கொடைக்கானல் அருகே)

எங்கள் பக்கம் சிக்னல்தான் வில்லங்கம். பணம் போன மெசேஜ் அவருக்கு வரும், ஸ்லிப் வராது. உடனே மறுபடி தேய்க்காதீர்கள். மெஷினில் கடைசிப் பரிவர்த்தனையின் நிலையைப் பாருங்கள். தோல்வி என்றால் 2019 செப்டம்பர் விதிப்படி 5 நாளுக்குள் பணம் தானே திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு ரூ.100 வங்கி தர வேண்டும். ஓடிபி வராத இடத்தில் கார்டு நம்பரை எழுதி வாங்குவதைவிட, அவர்கள் மலையேறும் முன்பே பேமென்ட் லிங்க் அனுப்பி அட்வான்ஸ் வாங்கிவிடுங்கள்.