ஐமேப் லாகின் ஆகிறது, 587 போர்ட்டில் மெயில் அனுப்ப மட்டும் முடியவில்லை

தபால்பெட்டி:
சர்வர் டெபியன் 12 லினக்ஸ், மெயில் அனுப்ப போஸ்ட்ஃபிக்ஸ், இன்பாக்ஸ் படிக்க (ஐமேப்) டவ்காட் 2.3. யூசர்கள் எல்லாம் சிஸ்டம் அக்கவுண்ட், பாம் (லினக்ஸின் லாகின் சரிபார்ப்பு) வழியாக. தண்டர்பேர்டு மெயில் ஆப்பில் இன்பாக்ஸ் திறக்கிறது. அனுப்பப் போனால் 587-ல் இணைப்பு அறுந்துவிடுகிறது. ஆத் சாக்கெட்டை (லாகினைச் சரிபார்க்க இரண்டு புரோகிராமும் பேசிக்கொள்ளும் ஃபைல்) /வார்/ரன்/டவ்காட் உள்ளே வைத்து, அந்த முழுப் பாதையையே போஸ்ட்ஃபிக்ஸில் கொடுத்திருக்கிறேன். ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் அப்படி ஒரு ஃபைலே இல்லை என்று மெயில் லாக் சொல்கிறது. பர்மிஷன் 0666 (யாரும் படிக்கலாம், எழுதலாம்) கொடுத்தும் அதேதான்.

சாக்கெட்காரர்:
பர்மிஷன் பிரச்சினை இல்லை, பாதைதான் பிரச்சினை. போஸ்ட்ஃபிக்ஸ் தானாகப் பாஸ்வேர்டு பார்க்காது. சாக்கெட் வழியாக டவ்காட்டிடம் கேட்டு, வரும் பதிலை நம்பும். டெபியனில் போஸ்ட்ஃபிக்ஸின் எஸ்எம்டிபி டீமன் (மெயிலை வாங்கும் பின்னணி புரோகிராம்) குரூட்டுக்குள், அதாவது ஒரு ஃபோல்டரை மட்டுமே முழு டிஸ்க்காகப் பார்க்கும் அடைப்புக்குள் ஓடுகிறது (போஸ்ட்ஃபிக்ஸின் மாஸ்டர் ஃபைலில் ஐந்தாவது நெடுவரிசையில் 'ஒய்' இருக்கும்). அதற்கு /வார்/ஸ்பூல்/போஸ்ட்ஃபிக்ஸ்தான் ரூட். நீங்கள் கொடுத்த பாதை அந்த நான்கு சுவருக்குள் கிடையாது.

டவ்காட்டின் 10-மாஸ்டர் ஃபைலில், சர்வீஸ் ஆத் பகுதியில், போஸ்ட்ஃபிக்ஸுக்கான லிஸனர் (சாக்கெட்டைத் திறக்கும் பகுதி) கமென்ட்டாக ஏற்கெனவே கிடக்கும். அதைத் திறந்து, பாதை /வார்/ஸ்பூல்/போஸ்ட்ஃபிக்ஸ்/பிரைவேட்/ஆத், மோட் 0660, யூசர், குரூப் இரண்டும் போஸ்ட்ஃபிக்ஸ் என்று வையுங்கள். மாதிரியில் உள்ள 0666 தேவையில்லை. போஸ்ட்ஃபிக்ஸ் பக்கம் எஸ்ஏஎஸ்எல் (லாகின் சரிபார்ப்பு முறை) பாதையில் வெறும் பிரைவேட்/ஆத், முன்னால் ஸ்லாஷ் கூடாது. எஸ்ஏஎஸ்எல் டைப் டவ்காட் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள், டீஃபால்ட் சைரஸ் என்ற வேறொன்று. பிறகு டவ்காட்டை ரீஸ்டார்ட், போஸ்ட்ஃபிக்ஸை ரீலோட்.

லாக்_பார்ப்பவர்:
கிளையன்ட்டை வைத்து டெஸ்ட் செய்யாதீர்கள், அது எதையும் சொல்லாது. முதலில் டவ்காட்டின் டவ்ஆட்ம் ஆத் டெஸ்ட் கட்டளை. அது பாஸ் ஆனால் பாஸ்வேர்டு பக்கம் சுத்தம். அடுத்து ஓப்பன்எஸ்எஸ்எல் எஸ்-கிளையன்ட்டில் ஸ்டார்ட்டிஎல்எஸ் (இணைப்பை என்கிரிப்ட் ஆக்குவது) போட்டு 587-க்குப் போய் ஈஹெச்எல்ஓ (சர்வருக்கு வணக்கம் சொல்லும் கட்டளை) அடியுங்கள். பதிலாக வரும் 250 வரிகளில் ஆத் பிளெயின் (யூசர்நேம், பாஸ்வேர்டு அனுப்பும் லாகின்) தெரிய வேண்டும். டிஎல்எஸ் ஆத் ஒன்லி (என்கிரிப்ட் ஆன இணைப்பில் மட்டும் லாகின்) போட்டிருந்தால் வெறும் டெல்நெட்டில் அந்த வரி வராது, அது சரியே.

ஆத் பிளெயினுக்கான பேஸ்64-ஐ (யூசர்நேம், பாஸ்வேர்டின் குறியீட்டு வடிவம்) எக்கோ கட்டளையில் செய்தால் கடைசியில் நியூலைன் ஒட்டிக்கொண்டு 535 (லாகின் தோல்வி) வரும். பிரிண்ட்எஃப் நல்லது, ஆனால் பாஸ்வேர்டு எண்ணில் தொடங்கினால், அதற்கு முன் பிரிப்பாக நிற்கும் \0-க்குப் பின் வரும் எண்களை அது ஆக்டலாக விழுங்கிவிடும். அங்கே \000 என்று மூன்று பூஜ்யம் போடுங்கள். இன்னொரு கூத்து: எஸ்-கிளையன்ட்டில் வரி பெரிய 'ஆர்' எழுத்தில் தொடங்கினால் அது ரீநெகோஷியேட் (என்கிரிப்ஷனை மறுபடி பேசு) என்று எடுத்துக்கொள்ளும். ஆர்சிபிடி (பெறுநரைச் சொல்லும்) கட்டளையைச் சின்ன எழுத்தில் அடியுங்கள்.

தபால்பெட்டி:
சாக்கெட் சரியாகிவிட்டது, நன்றி. தண்டர்பேர்டில் போகிறது. போனில் மட்டும் 535.

சாக்கெட்காரர்:
போன் முழு மெயில் முகவரியை யூசர்நேமாக அனுப்புகிறது. பாமுக்கு @ வரை உள்ள பெயர் மட்டும்தான் தெரியும். டவ்காட்டின் 10-ஆத் ஃபைலில் யூசர்நேம் ஃபார்மட்டை % பெரிய எல், சின்ன என் என்று மாற்றுங்கள்: எல் சின்ன எழுத்தாக்கும், என் டொமைனை வெட்டும். பின்னால் இரண்டாவது டொமைன் சேர்த்தால் இதை எடுத்துவிடுங்கள், இரண்டு டொமைனிலும் உள்ள 'இன்ஃபோ' ஒரே ஆளாகிவிடுவார். டெபியன் 13 போனால் டவ்காட் 2.4 வரும், இந்த % எழுத்து முறையே அங்கே மாறிவிட்டது, பழைய ஃபைல் அப்படியே ஓடாது.

லாக்_பார்ப்பவர்:
ஒன்று விட்டுப்போனது. எஸ்ஏஎஸ்எல் எனேபிள் வரியை போஸ்ட்ஃபிக்ஸின் மெயின் ஃபைலில் போட்டிருந்தால் 25-லும் (மற்ற சர்வர்கள் மெயில் கொண்டுவரும் போர்ட்) லாகின் திறந்திருக்கும், பாஸ்வேர்டு யூகிப்பவர்கள் அங்கேதான் தட்டுவார்கள். அதன் மாஸ்டர் ஃபைலில் சப்மிஷன் (587) வரிக்குக் கீழே மட்டும் -ஓ ஆப்ஷனாக வையுங்கள். அங்கே = குறிக்கு இருபுறமும் ஸ்பேஸ் விடக்கூடாது.