மறுமொழி: நரம்பை ‘நீக்குகிறோமா’, ‘சுடுகிறோமா’? வியாழனுக்குள் ஒரு சொல் வேண்டும்

ஈரோடு, பிசியோதெரபி ஆசிரியை:

வணக்கம். நாட்பட்ட வலிக்குச் செய்யும் ஊசித்துளைச் சிகிச்சைகளைப் பற்றி நோயாளிகளுக்கான 8 பக்கக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வியாழக்கிழமை அச்சகத்தில் கொடுக்க வேண்டும். வலி கடத்தும் நரம்பை ஊசிமுனையில் சூடேற்றும் ‘ரேடியோஃப்ரீக்வென்சி அப்லேஷன்’ என்ற ஒரே இடத்தில் வேலை நிற்கிறது.

சிலர் எழுதும் ‘நரம்பு நீக்கம்’ எனக்கு ஒப்பவில்லை. சென்ற வாரம் சென்னிமலையிலிருந்து ஒரு நெசவாளர் அம்மா வந்திருந்தார். 40 வருடம் தறிக்குழியில் உட்கார்ந்த இடுப்பு. ஒப்புதல் தாளில் அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்துக்கொண்டு, “நரம்பை எடுத்துவிட்டால் தறியை எப்படி மிதிப்பேன் கண்ணு?” என்று கேட்டார். கையெழுத்துப் போடாமலே எழுந்து போய்விட்டார்.

எதையும் எடுப்பதில்லை. முதுகெலும்பின் சிறுமூட்டிலிருந்து வலியைச் சுமந்து செல்லும் கிளைநரம்பின் அருகே, எக்ஸ்ரே படத்தைப் பார்த்தபடி ஊசியை நிறுத்துகிறார்கள். 80 டிகிரி செல்சியஸ் அளவில் 60 முதல் 90 வினாடி வரை சூடேற்றுகிறார்கள். நரம்பு சேதி கடத்துவது நிற்கிறது. பல மாதங்கள் கழித்து அது மறுபடி வளரும், வலியும் திரும்பலாம். காலை அசைக்கும் நரம்பு வேறு. இவ்வளவையும் பொய்யாக்கிவிடுகிறது ‘நீக்கம்’.

தாராபுரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மிணி, சொல் நம் வீட்டிலேயே இருக்கிறது. சித்த மருத்துவத்தின் 32 புறமருந்துகளில் ‘சுட்டிகை’, அதாவது சூடு வைப்பது, ஒன்று. நரம்புச் சுட்டிகை என்று எழுதுங்கள். குலசேகராழ்வார், பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் உள்ள வித்துவக்கோட்டுப் பெருமாளிடம், ‘வாளால் அறுத்துச் சுடினும் மருத்துவன்பால் மாளாத காதல் நோயாளன்போல்’ என்கிறார். சுடுவதும் மருத்துவம்தான் என்பது அவர் காலத்து நோயாளிக்கே தெரிந்திருக்கிறது.

உங்கள் கையேட்டின் தலைப்பில் உள்ள ‘வலி’யையும் பாருங்கள். ‘வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும்’ என்ற குறளில் வலி என்பது வலிமை. உடல் துன்பத்துக்கு நோ, நோய், நோதல் என்று தனிக் குடும்பமே இருந்தது. நம் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் ‘இடுப்பு நோவு’ என்கிறார்கள். ‘நாட்பட்ட நோவு’ என்று அட்டையிலேயே மாற்றிவிடலாம்.

கோவை, வலி மருத்துவர்:

அட்டையை விட்டுவிடுங்கள் ஐயா, வியாழன் நெருங்குகிறது. சுட்டிகையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பு உடம்பைத் தொடுகிறது. இங்கே ஊசியை யாரும் காய்ச்சுவதில்லை. வினாடிக்குச் சுமார் 5 லட்சம் முறை திசை மாறும் மின்னோட்டம் முனையிலிருந்து பரவ, அதைச் சுற்றியுள்ள திசுதான் சூடாகிறது.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை உண்டு. நம் கிராமங்களில் நொண்டும் மாட்டுக்குச் சூடு போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் என்னிடம் வருகிறார்கள். ‘சுட்டிகை’ என்றதும் அவர்கள் கண்முன் வருவது அந்தக் கம்பிதான்.

இன்னொன்று. 42 டிகிரியைத் தாண்டாமல் அதே மின்னோட்டத்தை விட்டுவிட்டுச் செலுத்தும் முறையில் எதுவும் வேகுவதில்லை. ஊசிமுனையை உள்ளேயே தண்ணீர் ஓட்டிக் குளிர்வித்தபடி சூடேற்றும் முறையும் வந்துவிட்டது. முனையோரத்துத் திசு கருகாது, வெப்பம் அகலமாகப் பரவும். முழங்கால் மூட்டுத் தேய்மான வலிக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் அதற்கு அனுமதி தந்தது. குளிர்வித்துச் சுடுவதை எந்தச் சுட்டிகைக்குள் அடைப்பது?

திருப்பூர், மென்பொருள் தமிழாக்கம்:

‘ரேடியோ’வைப் பற்றி யாருமே பேசவில்லையே. ‘கதிரலை’ என்று போடலாமா? அல்லது, வலி மூளைக்குப் போகும் வழியில் ஒரு கதவு இருக்கிறது என்று 1965இல் மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்னார்களே, அதை வைத்து ‘வாயிலடைப்பு’?

கோவை:

‘கதிர்’ வேண்டவே வேண்டாம். அந்த எழுத்தைப் பார்த்ததும் புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிர்வீச்சு என்று குடும்பமே அழுதுவிடும். வாயில் கோட்பாடு, தண்டுவடத்தில் மின்முனை வைக்கும் சிகிச்சைக்கு அடிப்படையாக இருந்தது. இதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ரேடியோ ரேடியோவாகவே இருக்கட்டும். ‘ரேடியோ அலை வெப்பச் சிகிச்சை’ போதும்.

ஈரோடு:

டாக்டர், ‘வெப்பச் சிகிச்சை’ என்றுதான் நாங்கள் தினமும் கொடுக்கும் வெந்நீர்ப் பை ஒத்தடத்தையும் சொல்கிறோம். துண்டோடு வந்து படுத்துக்கொள்வார்கள். ‘வலிநரம்பு வெப்பத்தடை’ என்றால் என்ன? எதைச் செய்கிறோம், எதனால் செய்கிறோம் என்ற இரண்டும் வந்துவிடுகின்றன.

தாராபுரம்:

வெப்பத்தடை: வெப்பத்தால் ஆகிய தடையா, வெப்பத்துக்குத் தடையா? மூன்றாம் வேற்றுமைத் தொகையாகவும் விரியும், நான்காம் வேற்றுமைத் தொகையாகவும் விரியும். கூரையில் ஓட்டுக்கு அடியில் ஒட்டுகிற தகட்டுக்கல்லவா அந்தப் பெயர் பொருந்தும்? மாட்டுச் சூட்டைக் கண்டு அஞ்சுகிறார்கள் என்பதற்காக ஒரு மருத்துவச் சொல்லையே கைவிடுவது எனக்கு உடன்பாடில்லை. ‘தீயினாற் சுட்டபுண் உள்ளாறும்’ என்று வள்ளுவர் சொன்னது, சுட்ட நரம்பு மறுபடி வளர்கிறது என்று நீங்கள் சொல்வதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது! இந்தச் சொல்லில் உண்மை இருக்கிறது.

கோவை:

உண்மை இருக்கிறது ஐயா, மறுக்கவில்லை. ஆனால் அந்த அம்மா கையெழுத்துப் போடுவதற்கு முன் வள்ளுவரைச் சொல்லி விளக்க எனக்கு வெளிநோயாளர் பிரிவில் 5 நிமிடம்கூடக் கிடைக்காது. வெப்பத்தடைக்கு என் ஆதரவு. 42 டிகிரி முறைக்கு அது பொருந்தாது. அதை ‘துடிப்பலைச் சிகிச்சை’ என்று தனியாக எழுதுங்கள்.

திருப்பூர்:

நானும் வெப்பத்தடை. ‘ரேடியோ அலை’க்குப் பதிலாக ‘வானலை’யை ஒருமுறையாவது பேசியிருக்கலாம் என்ற குறை எனக்கு உண்டு.

ஈரோடு:

புதன் இரவு 11 மணி. ‘ரேடியோ அலை வலிநரம்பு வெப்பத்தடை’ என்று போட்டுவிட்டேன். தாராபுரம் ஐயாவின் ஐயத்துக்காக அதன் கீழே, ‘வெப்பத்தால் வலிச்சேதியைத் தடுப்பது, நரம்பை எடுப்பதில்லை, கால் அசைவு கெடுவதில்லை’ என்று தடித்த எழுத்தில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறேன். தலைப்பில் ‘வலி’ அப்படியே இருக்கிறது.

தாராபுரம்:

அடிவரி நன்றாக இருக்கிறது அம்மிணி. ஒரு சொல்லுக்கு அடியில் விளக்கம் எழுத வேண்டி வந்தால் சொல் இன்னும் அமையவில்லை என்றே கொள்வேன். இரண்டாம் பதிப்பு போடுவதற்கு முன் எனக்கு ஒரு மடல் எழுதுங்கள். சுட்டிகையோடு வருகிறேன்.