1990 மஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர்: ஏற்றத்தில் இழுக்கல, 8,000 ராண்டில் என்ன செய்யலாம்?

சாட்ஸ்வர்த்1600:
வணக்கம். கார் 1990 எம்எக்ஸ்-5, ஐந்து கியர், ஒரிஜினல் ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்). டர்பனில்தான் ஓடுது, 95 பெட்ரோல். பைன்டவுனிலிருந்து ஃபீல்ட்ஸ் ஹில் ஏறும்போது நாலாவது கியரில் இழுக்கவே மாட்டேங்குது. கோன் ஏர் ஃபில்டரும் ஹெடரும் (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாய்) போட்டால் 20 குதிரைசக்தி கூடுமா? இல்லை டர்போவுக்குப் பணம் சேர்க்கலாமா?

ரெஞ்ச்12:
தம்பி, ஃபில்டரும் ஹெடரும் 20 தராது. பானெட்டுக்குள் திறந்து கிடக்கிற கோன் ஃபில்டர் ரேடியேட்டர் சூட்டைத்தான் இழுக்கும். டர்பன் வெயிலில் அது நஷ்டம். இந்த எஞ்சின் புதுசில் 115 குதிரை. அதில் எத்தனை தொலைஞ்சுபோச்சுன்னு முதலில் பாருங்க.

ஆக்ஸிலரேட்டரை ஒருத்தர் முழுசா மிதிக்க, நீங்க திராட்டில் (எஞ்சினுக்குக் காற்று விடுற கதவு) முழுசா திறக்குதான்னு பாருங்க. கேபிள் தளர்ந்திருந்தால் திறக்காது. அடுத்து கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்): நாலு சிலிண்டருக்கும் நடுவே 2 பாருக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. ஏர்ஃப்ளோ மீட்டருக்கும் திராட்டிலுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயைக் கழற்றி வளைச்சுப் பாருங்க. மடிப்புக்குள் கீறல் ஒளிஞ்சிருக்கும்; கையால் விரிச்சால்தான் தெரியும். அந்த வழியா போற காற்றை மீட்டர் எண்ணாது, அந்தக் காற்றுக்கு ஏத்த பெட்ரோல் எஞ்சினுக்குக் கிடைக்காது. கேட்டலிடிக் (புகையைச் சுத்தம் செய்யும் டப்பா) அடைப்புக்கு, எஞ்சின் காற்றை உறிஞ்சுற அளவைக் காட்டும் வேக்வம் கேஜ் போதும்: 2,500 ஆர்பிஎம்மில் பிடிச்சு வைங்க, முள் மெல்ல மெல்ல இறங்கினால் அடைப்பு.

இதெல்லாம் சரின்னா டைமிங், அதாவது பிளக்கில் தீப்பொறி வர்ற நேரம். இதுக்குச் செலவே இல்லை. எஞ்சின் நல்லா சூடானதும் டயக்னோசிஸ் டப்பாவில் டிஇஎன் (TEN), ஜிஎன்டி (GND)னு எழுதியிருக்கிற முனை இரண்டையும் ஒரு வயரால் இணைங்க. ஐடில் 850. கம்பெனி அளவு 10 டிகிரி. ஹெட்டின் பின்னால் இருக்கிற கேம் ஆங்கிள் சென்சாரின் 12 எம்எம் போல்ட்டைத் தளர்த்தி, கொஞ்சமா திருப்பி 14 டிகிரிக்கு வைங்க. கீழ் ஆர்பிஎம்மில் இழுவை கூடினது உடனே தெரியும். வயரைக் கழற்ற மறக்காதீங்க. பெட்ரோல் தாறுமாறா வெடிக்கிறதைக் கண்டுபிடிக்கிற நாக் சென்சார் இந்த எஞ்சினில் கிடையாது, உங்க காதுதான் சென்சார். ஏற்றத்தில் முழு மிதியில் 'டிங் டிங்'னு கேட்டால் 12-க்கு இறக்கிடுங்க.

பெனோனி_ரோட்ஸ்டர்:
அண்ணா சொன்னதோட ஒண்ணு. ஜோபர்க் பக்கத்து டைனோ (எஞ்சின் பலத்தை அளக்கிற மெஷின்) சீட்டை டர்பன் காரோட ஒப்பிடாதீங்க. இங்கே சுமார் 1,700 மீட்டர் உயரம், டர்போ இல்லாத எஞ்சின் ஆறில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். டைனோ அதைத் திருத்திக் காட்டும், ரோடு காட்டாது. வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே டைனோவில் ஓட்டுங்க.

டர்போ 8,000-க்குள் வராது. பெரிய இன்ஜெக்டர், ஈசியூ, கிளட்ச் எல்லாம் சேரும். 1.6-இன் சின்ன டிஃபரென்ஷியலும் தாங்காது.

சாட்ஸ்வர்த்1600:
ரப்பர் குழாயில் கீறல் இருக்கு, புதுசு ஆர்டர் போட்டாச்சு. ஆனா டைமிங் லைட் பிடிச்சால் குறி நிலையா நிற்கல. கிராங்க் புல்லியும் லேசா ஆடுது. புல்லி நடுவில் நாலு வெட்டு தெரியுது.

ரெஞ்ச்12:
அதைக் கண்டது நல்லதாப் போச்சு. இனி ஸ்டார்ட் பண்ணாதீங்க. நாலு வெட்டுன்னா ஷார்ட் நோஸ் (குட்டை மூக்கு) கிராங்க்; எட்டு வெட்டுன்னா பின்னாடி வந்த நீள மூக்கு. ஷார்ட் நோஸில் போல்ட் தளர்ந்தால் சாவியும் (கியரை கிராங்க்கோட பூட்டுற சின்ன இரும்புத் துண்டு) அதோட பள்ளமும் தேய்ஞ்சு, டைமிங் கியர் பின்தங்கும். இழுவை போனதுக்குப் பெரிய காரணம் இதுவாத்தான் இருக்கும். ஹெடர் பணத்தை இங்கே போடுங்க.

போல்ட்டைக் கழற்றி, கியரை உருவி, பள்ளத்தின் ஓரத்தை நகத்தால் தடவுங்க. ஓரம் நேரா, கூர்மையா இருந்தால் புது சாவி, புது கியர், புது போல்ட் போதும். முறுக்கு 108 முதல் 118 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்சில் மட்டும். பள்ளம் கொஞ்சம் விரிஞ்சிருந்தால் பிரேக் கிளீனரால் எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாம துடைச்சு, லாக்டைட் 660 (இரும்பு ஒட்டுற பசை) பூசி, ஒரு நாள் முழுக்க காய விடுங்க. ரொம்ப விரிஞ்சிருந்தால் அதுவும் பிடிக்காது, வேற கிராங்க்தான். எப்படியும் டைமிங் பெல்ட் வெளியே வருது. பெல்ட்டு, முன் சீல், வாட்டர் பம்ப் மூணையும் இப்பவே மாத்திடுங்க. பெல்ட் நழுவினாலும் இந்த 1.6-இல் வால்வு பிஸ்டனில் இடிக்காது, அந்தப் பயம் வேண்டாம். 14 டிகிரி வேலையை இதுக்கப்புறம் பாருங்க.