ஊதா ஃபவுண்டன் புல் நடுவில் காய்கிறது, எப்போது பிரித்து நடலாம்?

வணக்கம். வீடு கோவையில், கரிசல் மண். முன்சுவரை ஒட்டி, நாள் முழுக்க வெயில் படும் இடத்தில் ஊதா ஃபவுண்டன் புல் வரிசையாக நிற்கிறது. போன வருடம் வரை இடுப்பு உயரம் வளர்ந்து நரிவால் மாதிரி கதிர் தள்ளியது, இப்போது ஒவ்வொரு குத்திலும் நடுப்பகுதி வைக்கோலாகக் காய்ந்து, ஓரத்தில் வளையமாக மட்டும்தான் துளிர் வருகிறது.

வயதான குத்து இப்படித்தான் ஆகும், தோண்டிப் பிரித்து நடவேண்டும் என்பது தெரியும். இந்த ரகத்தில் விதை முளைக்காது என்பதால் வேறு வழியும் இல்லை. சந்தேகம் எல்லாம் எந்த மாதம் என்பதில்தான். வெளிநாட்டு வீடியோக்களில் குளிர்காலம் முடிந்ததும் அரையடி விட்டு வெட்டச் சொல்கிறார்கள், அந்தக் கணக்கு நம் ஊருக்குச் சரிவருமா? சித்திரை வெயிலில் நட்டால் வேர் பிடிப்பதற்குள் கருகிவிடும், ஐப்பசி மழையில் நட்டால் தண்ணீர் வடியாத இந்த மண்ணில் அழுகிவிடுமோ என்று பயம். ஆடியில் செய்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

நர்சரியில் கேட்டால் யூரியா போடுங்கள் என்கிறார்கள். தழைச்சத்து கூடினால் புல் தளர்ந்து சாயும், அதனால் போடவில்லை. (பக்கத்திலேயே இருக்கும் வெட்டிவேர் எதையும் கண்டுகொள்ளாமல் நிற்கிறது!)

அப்புறம், பிரித்த துண்டை நேராக மண்ணில் வைக்கலாமா, இல்லை மணல் கலந்து தொட்டியில் தேற்றிவிட்டு மாற்றலாமா? கரிசல் மண்ணில் வளர்ப்பவர்கள் சொன்னால் ரொம்ப உதவியாக இருக்கும்.